அல்கலைன் பொஸ்பட்டேஸ் 4,310

1. கோடு விழுந்த நாள்

மெஷின் இலக்கம் தரவில்லை. இலக்கம் வர வேண்டிய இடத்தில் மூன்று சிறு கோடு விழுந்து, பக்கத்தில் ஒரு குறி வந்தது. இந்த ரத்தச் சீரத்தில் என்சைம் மிதமிஞ்சி இருக்கிறது, என்னால் அளக்க ஏலாது, செறிவைக் குறைத்து ஐதாக்கித் தா என்பது அந்தக் குறியின் அர்த்தம்.

சோதனை அல்கலைன் பொஸ்பட்டேஸ். நாங்கள் ஏ.எல்.பி. என்போம். ஈரலிலிருந்தும் எலும்பிலிருந்தும் ரத்தத்துக்கு வருகிற என்சைம். வளருகிற பிள்ளைகளுக்கு எலும்பு வளர்வதால் பெரியவர்களை விடக் கூடத்தான் இருக்கும். ஆறு வயதுக்கு முன்னூற்றைம்பது வரை போனால் நாங்கள் கணக்கெடுப்பதில்லை.

அந்த சாம்பிள் ஆறு வயதுப் பெண் பிள்ளையுடையது. நான்கு வயதில் கண்டியில் சிறுநீரகம் மாற்றிய பிள்ளை. சிறுநீரகத்தைக் கொடுத்தது தாய்.

அப்போது நான் அரசாங்க ஆய்வுகூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை செய்து பென்சன் எடுத்திருந்தேன். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் புளியந்தீவில் ஒரு தனியார் லாப்பில் பகலில் மட்டும் வேலை பார்த்தேன். கோடு விழுந்ததும் பதறவில்லை. சீரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ரத்தம் உடைந்து சிவக்கவில்லை. அளவு முன்பே தெரிந்த கொன்ட்ரோல் சாம்பிளை ஓட்டினேன், சரியாக வந்தது. சேலைனில் ஒன்றுக்குப் பத்தாக ஐதாக்கி வைத்தேன். நானூற்று முப்பத்தொன்று. பத்தால் பெருக்க நாலாயிரத்து முன்னூற்றுப் பத்து. நம்பாமல் இன்னொரு முறை ஐதாக்கி ஓட்டினேன். நாலாயிரத்து இருநூற்றெண்பது.

அதுவரைக்கும் நான் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. இப்போது தொழிலுக்கு வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் எழுத வந்தது மெஷினுக்கு முன்னால் நடந்ததைப் பற்றி அல்ல. அந்தக் கதிரையை விட்டு எழும்பி, கவுண்டருக்கு வந்து, நான் வாயைத் திறந்த பிறகு நடந்ததைப் பற்றி.

2. சிவப்புப் பேனை

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரிப்போர்ட்டை எடுத்த கையோடு யாரும் டொக்டரிடம் போகமாட்டார்கள். கவுண்டரில் நின்று, "என்ன போட்டிரிக்கி?" என்று கேட்பார்கள். டொக்டரைப் பார்க்க மூன்று மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும், உள்ளே போனால் மூன்று நிமிடம். லாப்பில் நிற்கிறவன் ஊர்க்காரன், தமிழில் சொல்லுவான், திருப்பிக் கேட்டாலும் எரிந்து விழமாட்டான். கேட்கிறவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பதில் சொன்னவனைத்தான் சொல்லுவேன்.

என் ஊர் காத்தான்குடியில் பாதிப் பேருக்கு நான் 'லாப் டொக்டர்'. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் சட்டைப் பையிலிருந்து மடித்த ரிப்போர்ட்டை எடுத்து நீட்டுவார்கள். நான் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, "சீனி நல்லா இரிக்கி. கொழுப்புத்தான் கூட. மாட்டிறைச்சியக் கொஞ்சம் மறங்க ஹாஜியார்" என்பேன். அந்தக் கொஞ்ச நேரப் பேசாமை இருக்கிறதே, அதை நான் வேண்டுமென்றே வைப்பது. என் மனிசி ஏசுவாள். "நீங்க படிச்ச படிப்பு என்ன, சொல்ற வைத்தியம் என்ன? ஒரு நாளைக்கு ஆரும் பிடரியில போடுவாங்க" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன். உள்ளே பெருமை, பெரிய புளுகம்.

இன்னொரு பழக்கம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. அளவு கூடினால் ரிப்போர்ட்டில் பக்கத்தில் எச் என்ற எழுத்து அச்சாகும். அது சனங்களுக்கு விளங்காது என்று, எச் விழுந்த இலக்கத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுப்பேன். இங்கிலீசு தெரியாதவர்களுக்கும் வட்டம் விளங்கும். வட்டம் இல்லாத ரிப்போர்ட்டென்றால் முகம் மலர்ந்து போவார்கள். இதைப் பெரிய சேவை என்று நினைத்திருந்தேன்.

பிள்ளையின் தாய் சாந்தினி, பழுகாமத்துப் பெண். புருசன் தவராசா வயல் வட்டையில் வேளாண்மை செய்கிறவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கண்டியில் கிளினிக். இடையில் மாதாமாதம் இங்கே ரத்தம் சோதித்து, ரிப்போர்ட்டை எடுத்து வைத்து, கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டும். ஏதும் வித்தியாசமாகப் பட்டால் எடுக்கச் சொல்லி கிளினிக்கில் ஒரு ஃபோன் இலக்கமும் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாக அவள் என்னிடந்தான் வந்தாள்; அண்ணன் முறையில் என்னை நானா என்பாள். முதல் பஸ்ஸில் பட்டிருப்புப் பாலம் தாண்டி, பிள்ளைக்கு வாய்மூடி போட்டு, தண்ணீர்ப் போத்தலும் கையுமாக வந்து நிற்பாள். பிள்ளையின் பெயர் யதுஷா. மருந்தால் கன்னம் இரண்டும் உப்பியிருக்கும். அவள் எனக்கு வைத்த பெயர் ஊசி மாமா. எந்த நரம்பில் குத்த வேண்டும் என்பதை அவள்தான் சொல்லுவாள். "இதில வராது. போனமுறை இதிலதான் குத்தினீங்க. அந்தக் கையைப் பாருங்க" என்று உத்தியோகத்தர் மாதிரிச் சொல்லுவாள். இரண்டு வருடமும் அவளுடைய ரிப்போர்ட்டில் ஒரு வட்டமும் விழவில்லை.

அன்றைக்கு விழுந்தது. கவுண்டரில் ஐந்தாறு பேர் நின்றார்கள். சாந்தினி ரிப்போர்ட்டை வாங்கியதும் முகம் மாறிவிட்டது.

"நானா, இதென்ன சிவப்பு?"

நான் கண்ணாடியை இறக்கினேன். பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்தேன். நின்றவர்கள் எல்லாரும் என் வாயையே பார்த்தார்கள்.

"ஈரல் என்சைம், புள்ள. இருக்க வேண்டியதை விடப் பத்து மடங்குக்கு மேல இரிக்கி. புள்ளைக்கு ஏதும் சுகமில்லாம வந்ததா?"

"போன கிழமை ரெண்டு நாள் வயித்தோட்டம் இருந்த. மறுகா சுகமாயிற்று. நல்லாத்தான் ஓடித் திரியிறா."

"இந்த மருந்துகள் பொல்லாத மருந்துகள். ஈரலத்தான் முதல்ல தாக்கும்."

"அப்ப மருந்தாலதானா நானா இது?"

"வேற என்னத்தால வரும்?"

இந்தக் கடைசி வசனத்தை நான் ஆயிரம் தரம் எனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்? அதே ரிப்போர்ட்டில் ஈரலைக் காட்டுகிற ஏ.எல்.டி. சரியாக இருந்தது. பிலிருபின் சரியாக இருந்தது. ஜி.ஜி.டி., கல்சியம், பொஸ்பேட் எல்லாம் சரி. ஈரல் பழுதானால் ஏ.எல்.பி. தனியாக நின்று ஆடாது, மற்றதுகளும் கூட எழும்பும். முப்பத்தொரு வருடம் இதே வேலை செய்தவனுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் ஒரு விசயம் தெரிந்தவன் போலக் கதைக்கத் தொடங்கினால் இடையில் நிறுத்துவது கஷ்டம், அதிலும் ஐந்து பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

"கிளினிக் எப்ப?" என்று கேட்டேன். இருபத்தைந்து நாள் இருக்கிறதென்றாள். "பத்து நாள்ல இன்னொருக்கா கொண்டு வா. செய்து பாப்பம்" என்றேன். கிளினிக்குக்கு ஃபோன் எடுத்துச் சொல்லு என்று நான் சொல்லவில்லை. டொக்டர் மாதிரித் திகதி கொடுத்து அனுப்பினேன்.

3. பாதியாக இறங்கியது

பத்தாம் நாள் வந்தாள். யதுஷாவின் இடக்கையில் எடுத்தேன். ஏ.எல்.பி. இரண்டாயிரத்து நூற்றைம்பது. பாதி.

எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி வேலையில்லை. ரிப்போர்ட் அச்சாகி வர முந்தியே கவுண்டருக்கு வந்து, "பாத்தியா புள்ள, பாதிக்கு இறங்கிட்டுது" என்றேன்.

சாந்தினி கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "நீங்க சொன்னது சரிதான் நானா. அந்தக் குளிசையக் கொஞ்சம் குறைச்சிக் குடுத்த நான். அதுதான் இறங்கியிருக்கு."

நான் அதைக் கேட்டேன். கவுண்டரில் சத்தம், சரியாகக் காதில் விழவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் விழுந்தது. எந்தக் குளிசை, எவ்வளவு குறைத்தாய், யார் குறைக்கச் சொன்னது என்று ஒரு கேள்வியும் நான் கேட்கவில்லை. "நீங்க சொன்னது சரிதான்" என்றதோடு என் காது நிறைந்துவிட்டது. "ஓம், கிளினிக்கில சொல்லு" என்று மட்டும் சொன்னேன்.

அவள் குறைத்தது டக்ரோலிமஸ். மாற்றி வைத்த சிறுநீரகத்தை உடம்பு அந்நியமாக நினைத்து அழிக்காமல் காக்கிற மருந்து. காலையும் இரவும் மணி தவறாமல் கொடுக்க வேண்டியது. காலைக் குளிசையை அவள் முழுதாக நிறுத்தியிருந்தாள்.

அதே ரிப்போர்ட்டில் இன்னொரு இலக்கம் இருந்தது. கிரியேட்டினின், தசம் ஏழு. சிறுநீரகம் ஒழுங்காக வடிக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது; வடிப்புக் குறைந்தால் இலக்கம் ஏறும். எங்கள் ரிப்போர்ட்டில் அச்சடித்திருந்த அளவு தசம் ஆறிலிருந்து ஒன்று தசம் இரண்டு வரை. பெரியவர்களுக்கான அளவு. தசம் ஏழு அதற்குள்ளே வருகிறபடியால் எச் அச்சாகவில்லை. எச் இல்லாததால் நான் வட்டம் போடவில்லை.

ஆனால் யதுஷாவுக்கு இரண்டு வருடமாகத் தசம் ஐந்து. ஒரு மாதமும் அதைத் தாண்டியதில்லை. தசம் ஐந்து பத்து நாளில் தசம் ஏழானால் அந்தப் பிள்ளைக்கு அது சாதாரண விசயமல்ல. முந்திய ரிப்போர்ட்டுகள் கம்பியூட்டரில் இருந்தன. ஒரு பட்டனை அமத்தினால் வரிசையாக வந்திருக்கும். நான் அமத்தவில்லை. ஏ.எல்.பி. இறங்கிய புளுகத்தில் மற்ற இலக்கங்களை நான் கண்ணால் தடவிக்கொண்டு போனேனே தவிரப் பார்க்கவில்லை.

ஏ.எல்.பி.யைச் சுற்றி மறுபடி வட்டம் போட்டுக் கொடுத்தேன். சாந்தினி அந்த வட்டத்தைப் பார்த்து, "அடுத்தமுறை இதும் இல்லாமப் போயிரும்" என்று பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு போனாள்.

4. கண்டியிலிருந்து வந்த கோல்

இரண்டரைக் கிழமை கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லாப்புக்கு ஃபோன் வந்தது. கிளினிக் டொக்டர். பெண்பிள்ளை, மலைநாட்டுப் பக்கத்துத் தமிழ் பேசினார். யதுஷாவை வார்ட்டில் வைத்திருப்பதாகவும், எங்களிடம் செய்த பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும்படியும் கேட்டார்.

கம்பியூட்டரில் எடுத்து ஒவ்வொன்றாக வாசித்தேன். கிரியேட்டினின் தசம் ஐந்து, தசம் ஐந்து, தசம் ஐந்து, தசம் ஏழு. வாசிக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. 

"இங்க வந்தப்ப ஒன்று தசம் நாலு" என்றார் டொக்டர். "பயொப்ஸி செஞ்சோம். ரிஜெக்ஷன், உடம்பு கிட்னிய ஏத்துக்க மாட்டேங்குது. ஸ்டெரொய்ட் ஏத்திக்கிட்டு இருக்கோம்."

நான் ஏ.எல்.பி.யைப் பற்றிக் கேட்டேன். இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது. அந்த நேரத்திலும் என் கண்டுபிடிப்பு சரியா என்று அறியத்தான் கேட்டேன்.

"அதுவா? அது ஒன்னும் இல்லீங்க. மத்ததெல்லாம் நார்மலா இருந்து ஏ.எல்.பி. மட்டும் தனியா ஆயிரக்கணக்கில ஏறும். சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதுதான். கிட்னி மாத்தின புள்ளைங்கள்லயும் பார்க்கிறோம். ஒரு வயித்தோட்டம், காய்ச்சல் வந்த பின்னால ஏறும், ரெண்டு மூணு மாசத்தில தானா இறங்கிடும். மருந்தெல்லாம் மாத்தத் தேவையில்ல. திரும்பப் பார்த்துக்கிட்டு இருந்தாப் போதும்."

தானாக இறங்கும். அப்படியென்றால் மருந்தைக் குறைத்ததால் இறங்கவில்லை. குறைக்காவிட்டாலும் அதே இரண்டாயிரத்து நூற்றைம்பதுக்கு வந்திருக்கும், கிரியேட்டினினும் தசம் ஐந்தில் நின்றிருக்கும்.

"பிரச்சினை அது இல்ல" என்று டொக்டர் தொடர்ந்தார். "டக்ரோலிமஸ் லெவல் பாதிக்கும் கீழ போயிருக்கு. அம்மா மறந்திட்டேன்னு சொல்றாங்க. ரெண்டு வருஷம் ஒரு வேளை தப்பாமக் குடுத்தவங்க. எனக்கு நம்ப முடியல்ல. அங்க உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா மிஸ்டர் கரீம்?"

"இல்ல டொக்டர்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. கேள்வி முடிய முந்தி வாயில் வந்துவிட்டது. நல்ல விசயம் சொல்ல வேண்டிய நேரமெல்லாம் எத்தனையோ முறை திக்கிய வாய், பொய் சொல்ல ஒரு நொடியும் சுணங்கவில்லை. டொக்டர் நன்றி சொல்லி ஃபோனை வைத்தார். சோற்றுப் பார்சலைத் திறந்தபடியே மூடிவிட்டு, லாப்பின் பின்பக்கம் போய் நின்றேன். அழுகை வரவில்லை. வெட்கம். உடம்பு முழுக்க வெட்கம். அதோடு சேர்த்து, இன்னும் கேவலமாக, சாந்தினி என் பேரைச் சொல்லவில்லையே என்று ஒரு ஆறுதலும் இருந்தது. அந்த ஆறுதலையும் எழுதாவிட்டால் இந்தக் குறிப்பு பாதிப் பொய்யாகிவிடும்.

5. வெற்றுத் தட்டுகள்

யதுஷா பிழைத்துக்கொண்டாள். சிறுநீரகமும் நின்றது. ஆனால் கிரியேட்டினின் தசம் ஐந்துக்குத் திரும்பவில்லை. தசம் ஒன்பதில் வந்து நின்றுவிட்டது.

அதன்பிறகு கிழமைக்கு ஒரு ரத்தம். மறுபடி என்னிடந்தான் வந்தார்கள். முதல் நாள் யதுஷா இன்னும் உப்பியிருந்தாள். வழமை போலக் கையை நீட்டி, "கண்டியில நாலு பேர் குத்தினாங்க ஊசி மாமா. ஒருத்தருக்கும் தெரியாது" என்று முறைப்பாடு சொன்னாள்.

ஏழாம் கிழமை சாந்தினியின் கையில் புதிதாக ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதற்குள் வெறும் குளிசைத் தட்டுகள். அடுத்த நாள் கிளினிக். இதை ஏன் சுமக்கிறாய் என்று கேட்டேன்.

"கண்டியில எண்ணிப் பாக்கிறாங்க நானா. நான் குடுத்தனா இல்லையா எண்டு. கொப்பியிலயும் எழுதி வெச்சிருக்காங்க. தாய் மருந்து தவறவிட்டவ எண்டு."

அவள் சும்மா சொல்வது போலத்தான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டிலயும் இவர் என்னோட கதைக்கிறல்ல. புள்ளைக்குக் குளிசை குடுக்க மறந்து என்ன செஞ்சிக்கிட்டிருந்த எண்டு ஒரு நாள் கேட்டார். அதோட சரி" என்றாள்.

"ஏன் புள்ள, நான் சொன்னதெண்டு சொல்லல்ல?"

இந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஏழு கிழமை எடுத்தது. அவள் பிள்ளையைப் பார்த்தாள்.

"சொன்னா இவர் இஞ்ச வந்து சண்டை புடிப்பார். மறுகா நாங்க எந்த மூஞ்சியோட இஞ்ச வாற? இவ ஒங்களிட்ட மட்டுந்தான் நானா அழாமக் கை நீட்டுற. வேற இடத்தில நாலு பேர் புடிக்க வேணும். கிழமைக்குக் கிழமை அத என்னால பாக்க ஏலா."

என்னைக் காப்பாற்ற அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஊசி நோகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காகப் புருசனின் பேச்சையும் கிளினிக்கில் தன் பேரையும் விட்டுக்கொடுத்திருக்கிறாள். எனக்கு விட்டுக்கொடுக்க என்ன இருந்தது? 'லாப் டொக்டர்' என்ற எடுப்பு. அதை விட்டுக்கொடுக்க எனக்கு ஏழு கிழமை போதவில்லை.

அன்றைக்கு லாப் மூடு முன் கண்டிக்கு ஃபோன் எடுத்தேன். நான் சொன்னது, அவள் குறைத்தது, இரண்டாம் முறை அதைக் கேட்டும் பேசாமல் இருந்தது, டொக்டர் கேட்டபோது பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். 

"அந்த அம்மாவ நான் எவ்வளவு திட்டினேன் தெரியுமா?" என்றார் டொக்டர். "எல்லார் முன்னாலயும் திட்டினேன். பெத்த புள்ளைக்குத் தன்னோட கிட்னியையே குடுத்தவங்கள, உனக்கு அக்கறை இல்லயான்னு கேட்டேன்." பிறகு, "எழுத்தில அனுப்புங்க. கொப்பியில எழுதினத நான் வெட்டணும்" என்றார்.

அனுப்பினேன். லாப் முதலாளியிடமும் ஒரு பிரதி கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, "இத ஏன் எழுத்தில குடுத்தீங்க? வாயால சொல்லியிருக்கலாமே" என்றார். வாயால் சொல்லித்தானே இவ்வளவும் வந்தது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

6. பழுகாமம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போனேன். தவராசா வட்டையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். கதிரை கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேத்தண்ணீர் வரும், சுகம் விசாரிப்பு வரும், பிறகு நான் சொல்ல வந்ததைச் சொல்லமாட்டேன் என்று பயம்.

நின்றபடியே சொன்னேன். மருந்தால்தான் வந்ததென்று நான் சொன்னேன். அதனால்தான் அவள் காலைக் குளிசையை நிறுத்தினாள். குறைத்ததாக என்னிடம் சொன்னபோதும் நான் தடுக்கவில்லை. கண்டியில் கேட்டபோது மறைத்தேன். இப்போது ஒன்றும் மறைக்கவில்லை, டொக்டருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சாந்தினி குசினி வாசலில் நின்றாள். தவராசா என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏசுவார், பிடித்துத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்படிச் செய்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவர் மனிசியின் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ மறக்கல்லயா?"

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அவருடைய வாய் கோணியது. முகத்தைத் துடைக்கிற சாட்டில் இடுப்பில் கட்டியிருந்த சாறனின் தலைப்பைத் தூக்கி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் போய், சாறனுக்குள்ளிருந்தே, "நானா, நீங்க போங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் மனிசியிடம் கதைக்க அவருக்கு ஏலாமல் இருந்தது, அவ்வளவுதான். நான் வந்துவிட்டேன்.

அடுத்த கிழமை ரத்தம் எடுக்க மூன்று பேரும் வந்தார்கள். தவராசா வெளியே நின்றார். யதுஷா எந்தக் கை என்று சொல்லித் தந்தாள். ரிப்போர்ட் வந்ததும் நான் பழக்கதோசத்தில் கண்ணாடியை இறக்கினேன். சாந்தினி கவுண்டருக்கு மேலால் கையை நீட்டினாள்.

"படிச்சிக் காட்ட வேணாம் நானா. கவர்ல போட்டுத் தாங்க."

மரியாதையாகத்தான் கேட்டாள். கவரில் போட்டு, ஒட்டி, கொடுத்தேன். காது இரண்டும் சுட்டது. நின்றவர்களில் ஒருவர், "ஏன் தங்கச்சி, லாப் டொக்டர் நல்லா விளக்கிச் சொல்லுவாரே" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

7. இப்போது

அன்றிலிருந்து ஒருவருக்கும் ரிப்போர்ட் வாசித்துச் சொன்னதில்லை. ஜும்ஆ முடிந்து நீட்டுகிறவர்களிடம், "எனக்குத் தெரியாது, டொக்டரிட்டக் காட்டுங்க" என்பேன். கிழவனுக்கு எடுப்புக் கூடிவிட்டதென்று கதைத்தார்கள். கதைக்கட்டும். சிவப்புப் பேனையை விட்டுவிட்டேன். லாப்பில் பிள்ளைகளுக்கு வேறு அளவு அச்சடிக்கப் பண்ணினேன். முந்திய இலக்கத்தைப் பார்க்காமல் எந்த ரிப்போர்ட்டிலும் கையெழுத்து வைக்கவில்லை. பயமாக ஒரு இலக்கம் வந்தால் தாய் தகப்பனிடம் அல்ல, அனுப்பிய டொக்டரிடம் நானே ஃபோனில் சொன்னேன்.

நீங்களும் இப்படிச் செய்யுங்கள். அச்சடித்த அளவுக்குள் இருக்கிறதென்று ஒரு இலக்கத்தைக் கடந்து போகாதீர்கள், அந்த ஆளின் பழைய இலக்கத்தைத் தேடுங்கள். ஒன்று மட்டும் தனியாக ஏறியிருந்தால், பயப்படுத்த முந்தி மற்றதுகள் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இதெல்லாம் முதலாம் வருடப் பாடம். எனக்கு அறுபத்திரண்டு வயதில் விளங்கியது. படிப்புச் செலவை அந்தப் பிள்ளை கட்டினாள்.

ஏ.எல்.பி. மூன்றாம் மாதம் இருநூற்றெண்பதுக்கு வந்தது, டொக்டர் சொன்னபடி, தானாகவே. பிறகு ஒருநாளும் ஏறவில்லை.

நான் இப்போது முழுதாக வேலையை விட்டுவிட்டேன். கடைசியாக நான் கையெழுத்து வைத்த யதுஷாவின் ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் ஒன்றுக்கு வந்திருந்தது. வளருகிற பிள்ளைக்கு வயதோடு கொஞ்சம் கூடும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தை என் கணக்கில் போட வேண்டும். மாற்றிய சிறுநீரகம் எப்போதைக்கும் ஓடாது, என்றோ ஒருநாள் நிற்கும். தாயிடம் கொடுப்பதற்கு இரண்டாவது ஒன்று இல்லை. அது நிற்கிற நாளில், நான் வாயை மூடியிருந்தால் இன்னும் எத்தனை வருடம் ஓடியிருக்கும் என்று அவர்கள் என்னிடம் கேட்கமாட்டார்கள். கேட்டால், எனக்குத் தெரியாது என்பதுதான் பதில்.